எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்: பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தி வைப்பது உண்மையில் உதவுகிறதா?

#1 | நான்மாடக்கூடல் | மதுரை

வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. காலையில் உட்கார்ந்தால் இரவு வரை லேப்டாப் மேசையை விட்டு நகராது. சார்ஜரும் செருகியபடியே கிடக்கும். வாங்கிய புதிதில் கரண்ட் போனால் நாலு மணி நேரம் தாங்கியது. இப்போது மூன்று மணி நேரம்கூட முழுதாக வருவதில்லை. இத்தனைக்கும் பேட்டரியில் ஓட்டியதே அபூர்வம்.

விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தேன். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 50,000 மில்லிவாட்-மணி, இப்போது முழு சார்ஜில் நிற்பது 39,800 என்று காட்டுகிறது. சார்ஜ் சுற்றுகள் (முழுதாக ஒரு தடவை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) வெறும் 61. பயன்படுத்தாமலே இருந்த பேட்டரி எப்படித் தேயும்?

ஒருவர் "தினமும் பிளக்கைப் பிடுங்கி 20 வரை இறக்கிவிட்டு ஏற்று" என்கிறார். இன்னொருவர் "80க்கு மேல் ஏற விடாதே" என்கிறார். மூன்றாமவர் "பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

#2 | கலன்காவலன் | ஓசூர்

மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். லேப்டாப்பில் இருப்பதும் அதே லித்தியம் அயான் குடும்பம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. லித்தியம் பேட்டரி இரண்டு வழியில் தேய்கிறது. ஏற்றி இறக்குவதால் தேய்வது ஒன்று. சும்மா இருந்தாலும் வயதாகித் தேய்வது இன்னொன்று. உங்களுடையது இரண்டாவது வகை. 61 சுற்றில் 20% போயிருக்கிறது என்றால் உழைத்துத் தேய்ந்ததல்ல, நிரம்பிய நிலையில் சூட்டில் உட்கார்ந்தே தேய்ந்தது.

உள்ளே நடப்பது இதுதான். பேட்டரி என்பது செல் எனப்படும் சிறு அலகுகளின் தொகுப்பு. ஒரு செல் முழுதாக ஏறும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டுக்குப் போகும். சில வகைகளில் 4.35, 4.4 வரைகூடப் போகும். இந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் நிலையாக நிற்காது, நேர்மின் பக்கத்தில் மெல்ல மெல்லச் சிதையும். எதிர்மின் பக்கமான கிராஃபைட்டின் மேல் ஏற்கெனவே ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். அது தேவையான படலம்தான், அது இல்லாவிட்டால் செல்லே வேலை செய்யாது. ஆனால் அது வளர்ந்துகொண்டே போகும். வளர வளர லித்தியத்தைப் பிடித்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட லித்தியம் திரும்ப வராது. உங்கள் அறிக்கையில் குறைந்திருக்கும் பத்தாயிரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது.

இந்த இரண்டையும் வேகப்படுத்துவது வெப்பம். பல வேதிவினைகளுக்கும் பொருந்தும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் பல வருடங்களாக ஓர் அட்டவணை இருக்கிறது. லித்தியம் பேட்டரியை ஒரு வருடம் சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்று அதில் போட்டிருப்பார்கள். 25 டிகிரி வெப்பத்தில் 40% சார்ஜோடு வைத்தால் 96% மிஞ்சும், முழு சார்ஜோடு வைத்தால் 80%. அதுவே 40 டிகிரியில் 40% சார்ஜில் 85%, முழு சார்ஜில் 65%. நம் ஊர்க் கோடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் அடிவயிற்றில் 40 டிகிரி சர்வசாதாரணம். இந்த எண்களை உங்கள் 39,800 பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆக, சார்ஜர் செருகியிருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. நிரம்பியதும் சார்ஜ் ஏறுவதை உள்ளே இருக்கும் சுற்று தானே நிறுத்திவிடும், லேப்டாப் நேராக அடாப்டரிலிருந்து ஓடும். கெடுதல் செய்வது 100இல் நிற்பதும் சூடும் சேர்ந்து வருவதுதான். இரண்டில் ஒன்றைக் குறைத்தால் நல்லது. இரண்டையும் குறைத்தால் மிக நல்லது.

80இல் நிறுத்துவது உதவுமா என்றால், கண்டிப்பாக உதவும். மேசையை விட்டே எழாத லேப்டாப் என்றால் 60 அதைவிட நல்லது.

தினமும் 100இலிருந்து 20 வரை இறக்கச் சொன்னவரின் யோசனை வேண்டாம். அது ஒரு நாளைக்கு 0.8 சுற்று. வருடத்தில் 300 நாள் செய்தால் 240 சுற்று. பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சுற்றுக்கே கணக்கிடப்பட்டவை, 1000 வரை தாங்குபவை கொஞ்சம்தான். இப்போது வயதால் மட்டும் தேய்வது, அப்புறம் உழைப்பாலும் சேர்ந்து தேயும்.

கழற்றி வைப்பதும் வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்தக் கண நேர இடைவெளியைத் தாங்குவது பேட்டரிதான். அது இல்லையென்றால் சேமிக்காத கணக்கெல்லாம் போய்விடும். சில மாடல்களில் பேட்டரி இல்லாவிட்டால் சிபியுவின் வேகத்தையும் குறைத்துவிடுவார்கள்.

#3 | பழையவன் | தஞ்சாவூர்

தம்பி, நான் 90களிலிருந்து கணினி பார்க்கிறவன். அப்போதெல்லாம் புது பேட்டரி வாங்கினால் 8 மணி நேரம் ஏற்று, முழுக்க இறக்கு, இதை மூன்று முறை செய் என்று பெட்டிக்குள்ளேயே சீட்டு இருக்கும். முழுக்க இறக்காமல் ஏற்றினால் பேட்டரி பாதியையே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பார்கள். நாங்கள் அப்படித்தான் காப்பாற்றினோம், நன்றாகவே உழைத்தன. இப்போது எல்லாம் தலைகீழாகச் சொல்கிறீர்களே?

#4 | கலன்காவலன் | ஓசூர்

ஐயா, நீங்கள் செய்தது அந்தப் பேட்டரிக்கு மிகச் சரி. அது நிக்கல் காட்மியம். பாதியில் ஏற்றிப் பாதியில் ஏற்றிப் பழக்கினால் அதில் படிகங்கள் பெரிதாகி, உண்மையிலேயே கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும். முழுக்க இறக்குவதுதான் அதற்கு மருந்து.

லித்தியம் அயானை சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படைகளைக் கண்டுபிடித்ததற்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதன் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்து அடுக்குகளிலிருந்து வெளியேறி மறுபக்கத்து அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன, அவ்வளவுதான். நிக்கல் காட்மியம் போல ஞாபகத் தொல்லை கிடையாது. முழுக்க இறக்குவதுதான் இதற்கு ஆகாது. பேட்டரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் பழைய பேட்டரியோடதாகவே ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

#5 | ரிச்சிதெரு சர்வீஸ் | சென்னை

சார், கடையில் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன். கல்லூரிப் பையன்கள் கொண்டுவரும் லேப்டாப்பில் பேட்டரி தேய்ந்திருக்கும், ஆனால் தட்டையாக இருக்கும். பில் போடும் கவுன்டரிலும் டிசைன் சென்டரிலும் பகல் முழுக்க பிளக்கில் நிற்கிற லேப்டாப்பைத் திறந்தால்தான் உப்பிய பேட்டரி கிடைக்கும். உள்ளே சிதைகிற திரவம் வாயுவாக மாறும். அலுமினியப் பைக்குள் அடைத்த செல் என்பதால் வெளியேற வழியில்லாமல் சப்பாத்தி மாதிரி எழும்பி நிற்கும்.

வெளியே தெரியும் அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன், இழையைப் படிக்கிறவர்கள் இப்போதே பாருங்கள். டச்பேடை அழுத்தினால் 'க்ளிக்' வராமல் கட்டையாக இருக்கும். டச்பேடின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடுக்கு தெரியும். சமமான மேசையில் வைத்தால் நாலு காலும் படியாமல் ஆடும். மூடினால் நடுவில் இடைவெளி விழும். இதில் ஒன்று இருந்தாலும் அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். "இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்குதே" என்று ஓட்டாதீர்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நீங்களே நெம்பவும் வேண்டாம். பை கிழிந்தால் தீப்பிடிக்கும்.

#6 | நான்மாடக்கூடல் | மதுரை

மிக்க நன்றி. மேசையில் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. டச்பேடும் சரியாக இருக்கிறது. இந்த 80 வைப்பதை எங்கே போய் வைப்பது? விண்டோஸ் செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன், கண்ணில் படவில்லை.

#7 | விசைப்பலகை | கோயம்புத்தூர்

விண்டோஸில் எல்லா லேப்டாப்புக்கும் பொதுவான வரம்பு கிடையாது சார். ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புப் பகுதி) வைத்திருக்கிறது. உங்களுடையது எது என்று சொல்லாததால் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

லெனோவோ: வான்டேஜ் செயலியில் பவர் பகுதி. ஐடியாபேட் வகைகளில் 'கன்சர்வேஷன் மோட்' என்று ஒரே ஒரு சுவிட்ச் இருக்கும். மாடலைப் பொறுத்து 60இலோ 80ஐ ஒட்டியோ நிற்கும். திங்க்பேட் என்றால் எங்கே ஏறத் தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு எண்களையும் நாமே கொடுக்கலாம். இருப்பதிலேயே நல்ல ஏற்பாடு இதுதான் என்பது என் கருத்து.

அசூஸ்: மைஅசூஸ் செயலியில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங். பழைய பதிப்புகளில் 100, 80, 60 என்று மூன்று தேர்வுகள்.

டெல்: பயாஸிலோ டெல்லின் பவர் மென்பொருளிலோ 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்று ஒன்று இருக்கும். எப்போதும் கரண்டிலேயே ஓட்டுகிறவர்களுக்கென்றே வைத்தது. 'கஸ்டம்' போட்டால் தொடக்கமும் முடிவும் நம் கையில்.

எச்பி: வணிக மாடல்களில் பயாஸுக்குள் பேட்டரி ஹெல்த் மேனேஜர். கணினி எழும்போது எஃப்10 தட்டிப் போகலாம். அதில் 'மேக்சிமைஸ் மை பேட்டரி ஹெல்த்' கொடுத்தால் 80இல் நிற்கும். வீட்டு மாடல்கள் பலவற்றில் எண் கொடுக்கும் வசதி இல்லை, அதுவே பார்த்து முடிவு செய்யும் ஒரு அமைப்பு மட்டும்தான்.

ஏசர்: கேர் சென்டரிலோ ஏசர்சென்ஸிலோ 80% வரம்பு.

ஆப்பிள்: மேக்ஓஎஸ் 10.15.5இல் பேட்டரி ஹெல்த் மேலாண்மை வந்தது. அதற்கடுத்த பதிப்பில் நம் பழக்கத்தைப் படித்து 80இல் காத்திருக்கும் வசதியும் வந்தது. ஆனால் பழக்கம் சீராக இல்லாதவர்களுக்கு அது அடிக்கடி 100க்குப் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் பலர் ஆல்டென்டே என்ற செயலியைப் போட்டுக் கறாராக நிறுத்துகிறார்கள்.

விண்டோஸ் 11இல் ஸ்மார்ட் சார்ஜிங் இயங்கினால் பேட்டரி சின்னத்தின்மேல் குட்டி இதயம் தெரியும். அது தெரிந்தால் 80இல் நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், சார்ஜர் கெடவில்லை.

#8 | பெங்குவின் வாசி | பெங்களூரு

லினக்ஸ் ஆட்களுக்கு: சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் உங்கள் பேட்டரியின் கோப்புறை. அங்கே 'சார்ஜ் கண்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட்' என்ற கோப்பு இருந்தால் வன்பொருள் ஆதரவு இருக்கிறது என்று அர்த்தம். அதில் 80 என்று எழுதினால் போதும். சில மாடல்களில் மறுதொடக்கம் செய்தால் மறந்துவிடும். டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதுவே எழுதிவிடும். க்னோம் டெஸ்க்டாப்பில் 48ஆம் பதிப்பிலிருந்து செட்டிங்ஸிலேயே பேட்டரி ஆரோக்கியத்துக்கான தேர்வு வந்துவிட்டது, கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பிலும் உண்டு. திங்க்பேடில் 40இல் தொடங்கி 50இல் நிற்கும்படி வைத்து, மேசையில் இணைத்து வைக்கும் டாக்கில் போட்டிருக்கிறேன். வெளியே போகும் நாளில் மட்டும் ஏற்றிக்கொள்வேன்.

#9 | பனைநிழல் | யாழ்ப்பாணம்

எல்லோரும் 60, 80 என்கிறீர்கள். 2022இல் எங்களுக்கு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அந்த நேரம் 100இல் நிற்கிற பேட்டரிதான் என் வேலையைக் காப்பாற்றினது. இப்ப நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் மின்சாரம் நிச்சயமில்லாத இடத்தில் இருக்கிறவர்களுக்கு 60இல் நிப்பாட்டச் சொல்வது நியாயமா? பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக வேலையை விடேலுமா?

#10 | கலன்காவலன் | ஓசூர்

மிகவும் நியாயமான கேள்வி அக்கா. பேட்டரி நமக்காக இருப்பது. தினமும் பல மணி நேரம் கரண்ட் போகும் காலத்தில் 100 வையுங்கள், யோசிக்கவே வேண்டாம். அப்படி ஓடும்போது அது நிரம்பியே உட்கார்ந்திருக்கப் போவதில்லை, ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நான் சொல்லும் தேய்மானம் அங்கே சின்ன விஷயம்.

எப்போதாவது அரை மணி, ஒரு மணி நேரம் போகிற ஊரில் நிலைமை வேறு. உங்களுக்கு நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி என்றால் 80இல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும், 60இலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். இன்னொன்றையும் பாருங்கள். 100இலேயே சூட்டில் வைத்திருந்தால் சில வருடங்களில் அந்த 100 என்பதே பழைய 65க்குச் சமமாகிவிடும். அப்போது வரம்பு வைக்காமலே வரம்புக்கு வந்துவிடுவோம், திரும்பிப் போக வழியிருக்காது.

தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்தும் நாட்களை மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடும். செய்தித்தாளில் பகுதி வாரியாக வரும். அதற்கு முந்தைய இரவு வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளுங்கள், மறுநாள் இரவு திரும்ப வைத்துவிடுங்கள். மழை, புயல் எச்சரிக்கை வந்தாலும் இதேதான். சில மணி நேரம் 100இல் இருப்பது எதையும் கெடுத்துவிடாது. மாதக்கணக்கில் இருப்பதுதான் கெடுக்கும்.

#11 | மின்மினி | திருச்சி

என் லேப்டாப்பில் எந்த வரம்பும் இல்லை. பயாஸ் வரை தேடிவிட்டேன். அதனால் ஸ்மார்ட் பிளக் வாங்கி, 80 வந்தால் அணைத்து 45 வந்தால் போடும்படி வைத்திருக்கிறேன். 100இல் சும்மா கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். எல்லோரும் செய்யலாம்.

#12 | கலன்காவலன் | ஓசூர்

இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். 80க்கும் 45க்கும் இடையே போய் வருவது மென்மையான சுற்று, ஆழமாக இறக்குவதைவிட எவ்வளவோ நல்லது. ஆனால் உங்கள் வேலை கனமானது என்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அப்படிப் போய் வரும். அது ஒரு முழுச் சுற்றுக்கே வந்துவிடும். வருடத்துக்கு 300 சுற்று. வரம்பு வசதியுள்ள லேப்டாப் இப்படிச் செய்வதில்லை. 80இல் நின்றபடி அடாப்டரிலிருந்து ஓடும், பேட்டரிக்கு வேலையே இல்லை. ஸ்மார்ட் பிளக்கால் அதைச் செய்ய முடியாது, அது மொத்தக் கரண்டையும் வெட்டிவிடுகிறது.

அதோடு வேலைக்கு நடுவில் 45இல் நிற்கும்போது ஊர்க் கரண்டும் போய்விட்டால் கையில் பாதிகூட இருக்காது.

வரம்பு வசதி இல்லாதவர்களுக்கு என் யோசனை: சூட்டைக் குறைப்பதில் முழுக் கவனத்தையும் வையுங்கள். 25 டிகிரியில் நிரம்பி நிற்பதற்கும் 40 டிகிரியில் நிரம்பி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் மேலே அட்டவணையிலேயே இருக்கிறது.

#13 | மின்மினி | திருச்சி

என்னுடையது எழுதுகிற, படிக்கிற வேலைதான். ஒரு தடவை இறங்கவே அரை நாள் ஆகும். அதனால் எனக்கு நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வருவதில்லை. அந்தக் கணக்கில் 100இல் கிடப்பதைவிட இதுவே மேல் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். திருச்சி வெயிலில் மின்விசிறி மட்டும் போட்டு 25 டிகிரிக்கு எங்கே போவது?

#14 | கலன்காவலன் | ஓசூர்

இலகுவான வேலை, நாளுக்கு ஒரு தடவை என்றால் சரி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். வீடியோ வெட்டுகிறவர்கள், விளையாடுகிறவர்கள் மட்டும் இதைப் பின்பற்ற வேண்டாம்.

சூட்டுக்கு ஏசி வேண்டியதில்லை. லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே அடியில் காற்று போகும். அதற்கு ஒரு இரும்புத் தாங்கி போதும், அதுவும் இல்லாவிட்டால் இரண்டு மரக்கட்டை. மெத்தை, தலையணை, மடியில் போட்ட போர்வை இவற்றின்மேல் வைத்து ஓட்டவே கூடாது. காற்று இழுக்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. ஜன்னல் வெயில் விழும் மேசையையும் மாற்றுங்கள். வெளித்திரை வைத்து மூடிய நிலையில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் திறந்தே வையுங்கள், பல மாடல்களில் விசைப்பலகை வழியாகவும் சூடு வெளியேறும்.

#15 | ரிச்சிதெரு சர்வீஸ் | சென்னை

தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு வருடம் ஓடிய லேப்டாப்பைத் திறந்தால் விசிறிக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி ஒரே பாளமாக உரிந்து வரும். அதை எடுத்துச் சிபியுவின் மேல் இருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்டை மாற்றினாலே அடிப்பக்கச் சூடு கைக்குத் தெரிகிற அளவு குறையும். வருடம் ஒரு தடவை செய்துகொள்ளுங்கள்.

#16 | ஆட்டக்காரன் | சேலம்

கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறேன். சார்ஜர் செருகியிருந்தும் விளையாடும்போது 80இலிருந்து 74, 72 என்று இறங்குகிறது. அடாப்டர் கெட்டுவிட்டதா?

#17 | விசைப்பலகை | கோயம்புத்தூர்

பெரும்பாலும் இல்லை. சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒன்றாக உச்சத்துக்குப் போகும்போது அடாப்டர் தருவதைவிட அதிகம் கேட்கும். பற்றாக்குறையைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படிதான் பல கேமிங் மாடல்களை வடிவமைக்கிறார்கள். ஆட்டத்தில் ஃப்ரேம் விகிதத்துக்கு ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள், இறங்குவது நின்றுவிடும். சூடும் குறையும். கூட வந்த அடாப்டரை விட்டுவிட்டு வாட் குறைந்த டைப்-சி சார்ஜரில் ஓட்டினாலும் இதே நடக்கும். அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

#18 | பழையவன் | தஞ்சாவூர்

ஞாபகத் தொல்லை இல்லை என்றது புரிந்தது. ஆனால் என் மகன் வைத்திருக்கும் லேப்டாப் 27% காட்டும்போதே பொட்டென்று அணைந்துவிடுகிறது. முழுக்க இறக்கி ஏற்றியதும் சரியாகிவிட்டது. அப்படியானால் இறக்குவதில் பலன் இருக்கிறதுதானே?

#19 | கலன்காவலன் | ஓசூர்

இருக்கிறது ஐயா, ஆனால் பலன் பேட்டரிக்கு அல்ல, அதன் கணக்குக்கு. பேட்டரிக்குள் ஒரு சின்ன சில்லு, போகும் வரும் மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து இவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மாதக்கணக்கில் 80இலேயே நின்றால் அந்தக் கூட்டல் கழித்தல் கொஞ்சம் கொஞ்சமாக வழுவிவிடும். ஒரு தடவை 100 வரை ஏற்றி, பத்து சதவீதம் வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் இரண்டு முனைகளையும் பார்த்துத் திருத்திக்கொள்ளும். எண் தாவுகிறது, திடீரென்று அணைகிறது என்றால் செய்யுங்கள். வரம்பு வைத்து ஓட்டுகிறவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். அதையும் பராமரிப்பு மின்தடை நாளில் செய்துவிட்டால் தனி வேலையே இல்லை.

திருத்திய பிறகும் 27இலேயே அணைந்தால் ஏதோ ஒரு செல் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்.

#20 | பனைநிழல் | யாழ்ப்பாணம்

மாற்றுவது என்றால் எதைப் பார்த்து வாங்குவது? கடைகளில் ஒரே மாடலுக்கு நாலு விலையில் கிடக்கிறது. எல்லாவற்றிலும் 'ஒரிஜினல்' என்றுதான் எழுதியிருக்கிறது.

#21 | ரிச்சிதெரு சர்வீஸ் | சென்னை

இந்தியாவில் விற்கிற லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஸ்டிக்கரில் ஐஎஸ் 16046 என்றும், அதோடு 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வரும். ஸ்டிக்கரில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இலங்கையில் என்ன முத்திரை என்று அங்குள்ளவர்கள் சொல்லட்டும்.

அடுத்தது மின்னழுத்தம். பழையதைக் கழற்றியதும் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மூன்று செல் தொடராக இருக்கும் பேட்டரியில் 11.1 என்றால் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வரை போகிறது. 11.4 என்றால் 3.8, அது 4.35 வரை போகும். 11.55 என்றால் 3.85, அது 4.4. புதிதாக வாங்குவதிலும் அதே எண் இருக்க வேண்டும்.

தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பழைய மாடலுக்கான பேட்டரி கிடங்கில் வருடக்கணக்காகக் கிடந்திருக்கும், பெட்டி மட்டும் புதிதாக இருக்கும். மாட்டிய அன்றே இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிவிட்டு அறிக்கை எடுங்கள். முழு சார்ஜ் எண் ஆரம்பக் கொள்ளளவுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் உடனே திருப்பிக் கொடுங்கள், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எவரும் எடுக்க மாட்டார்கள்.

பழையதைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்குமிடத்திலோ கொடுங்கள். முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.

#22 | நான்மாடக்கூடல் | மதுரை

என்னுடையதில் அந்த வசதி நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே இருந்தது, 80 வைத்துவிட்டேன். தாங்கி ஒன்றும் வாங்கி வைத்தேன். முன்பு மணிக்கட்டு படும் இடத்தில் சூடு தெரியும், இப்போது அது இல்லை.

இன்னொரு கேள்வி. அலமாரியில் அப்பாவின் பழைய லேப்டாப் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடக்கிறது. இன்று எடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. சார்ஜ் போடலாமா?

#23 | கலன்காவலன் | ஓசூர்

சும்மா கிடந்தாலும் உள்ளே இருக்கும் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு செல்லின் மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கி வெகுநாள் கிடந்தால், எதிர்மின் பக்கத்துத் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது அது வேறிடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச் சுற்று உண்டாக்கலாம். அதனால்தான் ரொம்பக் கீழே போன பேட்டரிக்குப் பாதுகாப்புப் பலகையே சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். இதை வெளியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்து 'எழுப்பித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

இனிமேல் எடுத்து வைக்கும்போது 50% ஏற்றி, முழுதாக அணைத்து வையுங்கள். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

#24 | ரிச்சிதெரு சர்வீஸ் | சென்னை

முதலில் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், மேலே எழுதிய அடையாளங்கள்தான். உப்பியிருந்தால் பிளக்கின் பக்கமே போக வேண்டாம். இல்லையென்றால் அதற்குரிய அடாப்டரையே போட்டு, வெறும் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். பகலில் செய்யுங்கள், இரவில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். சூடு ஏறினாலோ வாசனை வந்தாலோ பிடுங்கிவிடுங்கள்.

ஏறவில்லை என்றாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது சார். அவை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, பேட்டரியில் இல்லை. நாலு ஸ்க்ரூ கழற்றி டிஸ்க்கை எடுத்து யுஎஸ்பி உறையில் போட்டால் உங்கள் புது லேப்டாப்பிலேயே திறந்துவிடலாம். மாடல் எண்ணைப் போடுங்கள், எந்த உறை பொருந்தும் என்று சொல்கிறேன்.

#25 | நான்மாடக்கூடல் | மதுரை

உப்பவில்லை, மேசையில் நன்றாகப் படிகிறது. நாளைக் காலை கூடத்தில் வைத்துப் போட்டுப் பார்க்கிறேன். மாடல் எண் அடியில் அழிந்துபோயிருக்கிறது, பெட்டியைத் தேடி எடுத்துப் போடுகிறேன்.